ஊருணிக்குள் இறங்கிய கால்கள்

எனக்குக் கோர்வையாக எழுத வராது. ஐந்தாம் வகுப்போடு நின்றவள். இப்போது மறதி வேறு. முன்னும் பின்னுமாக இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். நாடு முன்னேற நல்ல தலைமை வேண்டும் என்று மேடையில் பேசுவதைக் கேட்டிருக்கிறேன். நாட்டைப் பற்றி எனக்கு என்ன தெரியும்? எங்கள் ஊர் ஊருணியைத்தான் தெரியும்.

அறுபதுகளின் கடைசி அது. கண்டரமாணிக்கத்துக்குப் பக்கத்தில் எங்கள் ஊர். குடிதண்ணீருக்கு மழைத்தண்ணீர் தேங்கும் அந்த ஊருணிக் குளம் ஒன்றுதான். ஆழம் கூடினால் தண்ணீரும் கூடும் என்று அப்போதைய பஞ்சாயத்துத் தலைவர் அதைத் தோண்டச் சொன்னார். நாங்களும் சந்தோசமாக வீட்டுக்கு ஓர் ஆளை அனுப்பினோம். அடியில் இருந்த களிமண் போய் மணல் தெரிந்தது. ஐப்பசியில் நிரம்பிய தண்ணீர் தை பிறப்பதற்குள் மணலுக்குள் இறங்கிவிட்டது. "மழை பத்தல" என்று சொல்லிவிட்டு அவர் ஒதுங்கிக்கொண்டார்.

பிறகு அடுத்த ஊர்க் கிணற்றுக்குத்தான் நடை. எனக்குக் கைக்குழந்தை. நாலாம் வகுப்புப் படித்துக்கொண்டிருந்த மூத்த மகளைப் பள்ளிக்கூடத்திலிருந்து நிறுத்திக் குடத்தைக் கொடுத்தேன். அவள் அழவில்லை. "ஊருணியில தண்ணி நின்னா என்னைய அனுப்புவியா ஆத்தா?" என்று மட்டும் கேட்பாள். இன்னொரு வருசமும் இப்படியே போனால் அவள் படிப்பு அதோடு சரி.

அடுத்து வந்த தலைவர் எங்கள் தெருக்காரர், விவசாயி. ஊரைக் கூட்டினார். "மழை மேல பழி போட வேணாம். அடிய ஒடைச்சது நாமதான். கம்மாக் களிமண்ணக் கொண்டாந்து மூடுவோம்" என்றார்.

"ஊர் ஊருக்குத் தோண்டுறாக, நம்மாளு மூடுறாக" என்று பக்கத்து வீட்டு அத்தாச்சி என் காதில் சிரித்தாள்.

கண்மாயிலிருந்து வண்டி வண்டியாகக் களிமண் வந்து விழுந்தது. அது இறுக வேண்டுமே, எருமைகளை இறக்கி மிதிக்க விடலாம் என்றார் தலைவர். அவ்வளவுதான், சண்டை வந்தது. கால் கழுவக்கூட யாரும் இறங்காத ஊருணி அது.

"ஏம் மாப்ளே, குடிக்கிற தண்ணியிலயா எருமைய விடப் போறே?" என்று ஒரு பெரியவர் துண்டை உதறிக்கொண்டு எழுந்தார்.

"தண்ணி எங்க மாமா இருக்கு?"

"இருக்கோ இல்லையோ, மாடு எறங்கப்படாது."

கூட்டம் கலையப் பார்த்தது. மிதிக்காமல் விட்டால் முதல் மழையிலேயே களிமண் கரைந்து போகும்.

தலைவர் கலையப் போனவர்களை மறித்து நின்றார். "சரி மாமா, மாடு வேணாம். மனுசக் காலு எறங்கலாம்ல? கழுவிட்டு எறங்குவோம். தண்ணி நிக்காமப் போனா என்னைய ஏசுங்க, மழைய ஏசாதீக." வேட்டியை மடித்துக் கட்டினார், கால் கழுவினார், முதல் ஆளாக இறங்கினார்.

சண்டைக்கு நின்ற பெரியவர்தான் அடுத்து. "எங்குட்டு மிதிக்கணும்? சொல்லித் தொலை."

ஆம்பிளைகள் முன்னால் தலை நிமிராத நானும் குழந்தையை மாமியாரிடம் கொடுத்துவிட்டு இறங்கினேன். மகள் என் சேலையைப் பிடித்துக்கொண்டு மிதித்தாள். "கும்மி ஒண்ணுதான் கொறச்சல்" என்றாள் அத்தாச்சி. வெட்கத்திலும் சிரிப்பு வந்துவிட்டது.

மழை வந்தது, ஊருணி நிரம்பியது. தினமும் போய்ப் பார்ப்பேன், எத்தனை படி தெரிகிறது என்று. பொங்கலுக்கும் தண்ணீர் நின்றது. தப்பை ஒத்துக்கொண்டு, முன்னால் இறங்குகிற ஓர் ஆள் இருந்தால் ஊர் பின்னால் இறங்கிவிடுகிறது. நாட்டுக்கும் அப்படித்தான் இருக்கும் போல.

பொங்கல் கழிந்து பள்ளிக்கூடம் திறந்த அன்று மகளுக்குத் தலை பின்னி அனுப்பினேன். சின்னப் பிள்ளைகளோடு மறுபடியும் நாலாம் வகுப்பில்தான் உட்கார வைத்தார்கள். அவள் கவலைப்படவில்லை. எனக்கும் அன்றைக்குத்தான் மூச்சு சீராக வந்தது.

நாங்கள் மிதித்தது ஆவணியிலா புரட்டாசியிலா என்று தடுமாறுகிறது. அன்று கூட இறங்கியவர்கள் யாராவது இதைப் படித்தால், சரிபார்த்துச் சொல்லுங்கள்.