லேசாப் புகையுது

உச்சிப்புளி கடைத்தெருவில் என் ஜெராக்ஸ் கடைக்கு அடுத்த கடை முருகலட்சுமியுடையது. ஒரு கதவு அகலம்தான். உள்ளே ஒரு மேசை, மேசை மேல் சின்ன லேசர் மெஷின், அதற்கு முன்னால் பச்சைக் கண்ணாடி போட்டுக்கொண்டு அவள். கம்ப்யூட்டரில் பெயரை அடித்துக் கொடுத்தால் மெஷின் அதை மரத்தில் சுட்டு எழுதிவிடும். "பொம்பளப் பிள்ளைக்கு எதுக்குத்தா வெல்டிங் வேலை?" என்று அந்தக் கண்ணாடியைப் பார்த்துவிட்டுக் கேட்டவர்கள் உண்டு. அவள் விளக்கம் சொல்ல மாட்டாள். "உங்க பேரு என்ன?" என்பாள். பெயரைச் சொல்லிவிட்டு ஒரு சாவிக்கொத்தாவது வாங்காமல் போனவரை நான் பார்த்ததில்லை.

கடற்கரையை விட்டு உள்ளே தள்ளியிருக்கிற கிராமத்தில் மிளகாய் போடுகிற குடும்பம் அவளுடையது. அண்ணன் சேதுபதிக்குத் தங்கை கடைத்தெருவில் உட்கார்ந்திருப்பது தொண்டையில் மாட்டிய முள். புதுமடத்து ஹாஃபிஸா அக்கா தன் மகள் லாமியாவின் நிக்காஹ்வுக்கு ஓலைப்பெட்டிகளின் மர மூடிகளில் மாப்பிள்ளை பெண் பெயர் போட்டுத் தரச் சொன்னபோது, அண்ணன் என் காதுபடவே சொல்லிவிட்டுப் போனார்: "இத ஒழுங்கா முடிச்சா இருந்துக்க. இல்லேன்னா கடையப் பூட்டிட்டு வீட்டுக்கு வந்துரணும்."

"சரிண்ணே" என்றாள், டீ சொல்வது போல.

மெஷின் அதைக் கேட்டிருக்க வேண்டும். மறுநாளே படுத்துவிட்டது. பல்லி ஓடிய தடம் மாதிரி மரத்தில் ஒரு கோடு, அவ்வளவுதான். லென்ஸைத் துடைத்தாள், வயரைக் கழற்றி மாட்டினாள். ஒன்றும் நடக்கவில்லை. ஆன்லைனில் விற்றவனுக்குப் புகார் போட்டாள். உடனே பதில் வந்தது: 'தங்கள் பொறுமைக்கு நன்றி.'

"என்கிட்ட இல்லாததுக்கு எதுக்குண்ணே நன்றி சொல்றான்?" என்றாள்.

அடுத்து, என்ன கோளாறு என்று எழுதச் சொன்னார்கள். தமிழில் எழுத்து எழுத்தாகத் தட்டுவது அவளுக்கு ஆகாது. போனில் மைக்கை அமுக்கிப் பேசினாள், போன் அதை எழுத்தாக்கி அனுப்பியது. சாயங்காலம் தீர்ப்பு வந்தது. 'லேசர் புகைந்த பிறகும் தாங்கள் தொடர்ந்து இயக்கியுள்ளதால் வாரண்டி பொருந்தாது.'

எனக்குத் தைரியம் கொஞ்சம் கம்மி. "விட்டுருத்தா, அவனுக கூட யாரு மல்லுக்கட்டுறது" என்றேன். அவள் என்னைக் கண்டுகொள்ளவே இல்லை. தான் அனுப்பியதை மேலே தள்ளிப் படித்தாள். படித்ததும் சிரித்துவிட்டாள். அவள் பேசியது, 'ரெண்டு நாளா லேசாப் புகையுது, எழுத்து விழல.' போன் எழுதியது, 'ரெண்டு நாளா லேசர் புகையுது, எழுத்து விழல.'

மறுநாள் காலை கஸ்டமர் கேருக்கு அடித்தாள். காத்திருக்கச் சொல்லி போன் நெடுநேரம் வீணை வாசித்த பிறகு ஜோதிகா என்ற பெண் வந்தாள். எழுதி வைத்துப் படிப்பது போன்ற பேச்சு.

"மேடம், லேசர் புகைந்ததாகத் தாங்களே தெரிவித்திருக்கிறீர்கள்."

"லேசர் புகையலம்மா. லேசாப் புகையுது. மரத்துல கொஞ்சமா புகை வருதுன்னு சொன்னேன். போனு மாத்தி எழுதிருச்சு."

"பதிவில் அப்படி இல்லையே, மேடம்."

"சரி, உன் சொந்த போனு கையில இருக்கா? மைக்க அமுக்கி, லேசாத் தலை வலிக்குதுன்னு சொல்லு."

"மேடம், அது..."

"சும்மா சொல்லும்மா. நீ நாள் முழுக்க லேசரு லேசருன்னு பேசுறதக் கேக்குற போனுதான?"

அந்தப் பக்கம் தாழ்ந்த குரலில் 'லேசாத் தலை வலிக்குது' என்று கேட்டது. பிறகு குபீரென்று ஒரு சிரிப்பு. எழுதி வைத்த பேச்செல்லாம் காணாமல் போனது. "அய்யோ அக்கா, லேசர் தலை வலிக்குதுன்னு வருது! இருங்க, நான் மேனேஜரைக் கூப்பிடுறேன்."

மேனேஜர் லைனில் வந்தபோது சேதுபதியும் கடைக்கு வந்து நின்றார். போன் ஸ்பீக்கரில் இருந்தது. மேனேஜர் நல்ல மனிதர்தான். மன்னிப்புக் கேட்டார். "மெஷினைத் திருப்பி அனுப்பிடுங்க, முழுப் பணத்தையும் தந்துடுறோம்" என்றார். சேதுபதி முகத்தில் அப்படி ஒரு நிம்மதி. எனக்கும்தான். சண்டையில்லாமல், நஷ்டமில்லாமல் முடிகிறதே!

"பணம் வேணாம் சார்" என்றாள் முருகலட்சுமி.

"ஏத்தா, கிறுக்கு பிடிச்சிருக்கா? முழுசாத் தாரேங்கிறாரு" என்றார் அண்ணன்.

அவள் அண்ணனைப் பார்த்துக்கொண்டே போனில் பேசினாள். "பணம் வந்தா நான் வீட்டுக்குப் போயிருவேன் சார். மெஷின் ஓடுனாத்தான் இங்கன இருப்பேன். ஒளி வார அந்த ஹெட்ட மட்டும் புதுசாக் குடுங்க."

பணத்தை அவள் அப்படிப் பார்ப்பாள் என்று சேதுபதி எண்ணியிருக்க மாட்டார். நானும் எண்ணவில்லை.

மேனேஜர் ஹெட் இருக்கிறது என்றார், மதுரை குடோனில். கூரியரில் வர அடுத்த வாரம் ஆகிவிடும். நிக்காஹ் ஞாயிற்றுக்கிழமை.

"குடோன எத்தன மணிக்கு மூடுவாங்க?"

"மேடம், கஸ்டமர் நேரில் வந்து வாங்குற வழக்கம் எங்களிடம் இல்லை."

"வழக்கம் எங்க வீட்டுலயும்தான் நெறைய இருந்துச்சு சார். மூடுற நேரத்தச் சொல்லுங்க, நான் வாரேன்."

சொன்னார். ஜோதிகா இடையில் புகுந்து, குடோனில் யாரைப் பார்க்க வேண்டும் என்பதையும் சொன்னாள்.

மூடிகள் எல்லாம் சனிக்கிழமையே புதுமடம் போய்ச் சேர்ந்தன. அதைப் பற்றி யாரும் கவலைப்பட வேண்டாம். நான் சொல்ல வந்தது போன் பேசி முடித்த அந்தக் காலை நடந்தது. அவள் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு, கைப்பையை எடுத்துக்கொண்டு, ராமேஸ்வரத்திலிருந்து வந்த மதுரை பஸ்ஸில் ஏறிப் போய்விட்டாள். கடை திறந்தபடி கிடந்தது. கதவைச் சாத்தப் போகிறார் என்றுதான் சேதுபதியைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் வாசலில் கொஞ்ச நேரம் நின்றார். பிறகு உள்ளே போய், அவள் ஸ்டூலில் உட்கார்ந்து, மேசை மேல் இருந்த மரத்தூளைத் தோள் துண்டால் தட்டினார்.

யாரோ ஒருவர் பைக்கை நிறுத்தி எட்டிப் பார்த்தார். "என்னண்ணே, கடை இருக்கா, எடுத்துட்டாகளா?"

"ஏன் எடுக்கணும்?" என்றார் சேதுபதி, அடிக்கப் போகிறவர் மாதிரி. "என் தங்கச்சி மதுரை வரைக்கும் போயிருக்கு. உங்க பேரு என்ன?"