சோடாத் தண்ணீரில் கழுவிய முகம்

சுருளியம்மாளுக்கு வாய்த்தது ஒரு ரெண்டுங்கெட்டான் முகம். நெற்றியிலும் மூக்கிலும் எண்ணெய் வழியும். கன்னங்கள் காற்றுப் பட்டாலே செதில் செதிலாக உரியும். பிறந்த ஊரான சிலமலையில் இருந்தவரை அது பெரிய சங்கடமாகத் தெரியவில்லை. போடிக்கு மேலே ஏலத்தோட்டத்துக்கு வாழ்க்கைப்பட்டு வந்த பிறகு, பனியும் குளிரும் சேர்ந்து படாத பாடு படுத்தின. மூக்குக்கு ஆகிற சோப்பு கன்னத்துக்கு ஆகாது. கன்னத்துக்குத் தடவும் எண்ணெயால் நெற்றியில் பரு கிளம்பும்.

ஏலக்காய் உலர்த்தும் தோட்டத்து ஸ்டோரில் அவளுக்குக் காய் அலசுகிற வேலை. பறித்து வரும் ஏலக்காயைச் சலவை சோடா கரைத்த தண்ணீரில் ஊறப்போட்டு எடுத்தால்தான், உலர்ந்த பிறகும் பச்சை மங்காது. காய்க்கு நிறம் கொடுக்கிற தண்ணீர் முகத்துக்குக் கொடுக்காதா என்று நினைத்தாள் அந்தப் புண்ணியவதி. 1978இல் பறிப்பு தொடங்கியதிலிருந்து தினமும் அதிலேயே முகம் கழுவினாள். மூக்கு பளிச்சென்று ஆனது. மூன்றாம் மாதம் இடது கன்னத்தில் எட்டணா அகலத்துக்கு ஒரு திட்டு வெளுத்தது.

அதைப் பார்த்ததும் கண்ணாடியைக் கவிழ்த்து வைத்துவிட்டாள். இரண்டு வருடத்துக்கு முன்னால் தோட்டத்து வரிசை வீடுகளான அதே லயத்தில் குடியிருந்த மருதாயிக்கு இப்படித்தான் முதுகில் ஒரு திட்டு வந்தது. பெருவியாதி என்றார்கள். மாத்திரை தின்றால் சரியாகிவிடும் என்று தோட்டத்துக்கு வந்துபோகும் தொழுநோய் இன்ஸ்பெக்டர் சொன்னதை யாரும் காதில் வாங்கவில்லை. குழாயடியில் மருதாயியைப் பார்த்ததும் முதல் ஆளாகத் தன் குடத்தை நகர்த்திக்கொண்டவள் சுருளியம்மாள்தான். மறுவாரமே மருதாயி மூட்டையைத் தூக்கிக்கொண்டு மலை இறங்கினாள்.

இப்போது திட்டு இவள் கன்னத்தில். பவுடரை அப்பி மறைத்தாள். பெருவியாதி என்றால் அந்த இடத்தில் உணர்ச்சி இருக்காது என்பார்கள். தினமும் விடிந்ததும் கோழி இறகால் திட்டைத் தடவிப் பார்த்தாள். ஒருநாள் தெரிந்தது போலிருக்கும், மறுநாள் தெரியாதது போலிருக்கும். மகளைத் தூக்கி முத்தம் கொடுப்பதை நிறுத்தினாள். புதன்கிழமை இன்ஸ்பெக்டர் வருகிறார் என்று தெரிந்தது. சிலமலைக்கு ஓடிவிடலாமா என்று புருஷன் சோணையிடம் கேட்டாள்.

"ஓடுனா அதுதான்னு நாமளே சொன்ன மாதிரி ஆகிரும். நான் கூட வர்றேன், வா," என்றான் சோணை.

இன்ஸ்பெக்டர் அவளைக் கண்ணை மூடச் சொன்னார். இறகு படும்போது விரலால் இடத்தைத் தொட்டுக் காட்ட வேண்டும். கண்ணை மூடிக் காத்திருந்தாள். கன்னத்தில் ஒன்றுமே தெரியவில்லை. மகள் முகம் வந்து நின்றது.

"ஒண்ணும் தெரியல சார்," என்று அழுதுவிட்டாள்.

"நான் இன்னும் தொடவே இல்லையே தாயி," என்றார் அவர்.

பிறகு தொட்டார். ஐந்து தரமும் அவள் விரல் சரியான இடத்துக்குப் போனது. எதைப் போட்டு முகம் கழுவுகிறாய் என்று விசாரித்தவர், பதிலைக் கேட்டுத் தலையில் அடித்துக்கொண்டார். தோலைச் சோடா பொசுக்கியிருக்கிறது. இனி நெற்றிக்கும் மூக்குக்கும் மட்டும் பாசிப்பயற்று மாவு. கன்னத்துக்கு வெறும் தண்ணீர், ஈரம் காயுமுன் இரண்டு சொட்டுத் தேங்காய் எண்ணெய். ஒரே முகம் என்று ஒரே வைத்தியம் பார்க்காதே என்று சொல்லி அனுப்பினார். இரண்டு மாதத்தில் கன்னம் பழைய நிறத்துக்கு வந்தது.

தை மாதம் ஜீப்பில் போடிக்கு இறங்கியவள், பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் வெள்ளரிக்காய் விற்றுக்கொண்டிருந்த மருதாயியைத் தேடிப் போனாள். மாத்திரை தின்று குணமாகி நன்றாகத்தான் இருந்தாள் அவள். சுருளியம்மாள் குடிக்கத் தண்ணீர் கேட்டாள். மருதாயியின் கை தானாகப் பானையைப் பின்னுக்கு இழுத்தது.

"டீக்கடை இருக்கு ஆத்தா, அங்கன போயி குடிச்சுக்க," என்றாள். கோபத்தில் சொல்லவில்லை, பழகிப்போயிருந்தது.

"ஒங்கையால ஊத்து மருதாயி," என்று சுருளியம்மாள் குத்தவைத்துக் கைகளைக் குவித்தாள்.

மருதாயி பானைக்குள் செம்பை விட்டு மொண்டாள். பிறகு தண்ணீரை ஊற்றினாள், செம்பு அவள் கையில் பட்டுவிடாத உயரத்திலிருந்து.