ஒஷாவாக்காரரின் பிக்கப்புக்கு றேடியோ பூட்டிய நாள்

அன்றைக்கு நின்ற ஆட்களை முதலில் சொல்லிவிடுகிறேன். நான். என் மச்சான், அதாவது மனைவியின் தமையன். மச்சானின் மனைவி, அவர் குசினி யன்னலுக்கு உள்ளே. ஒஷாவாவில் இருந்து பிக்கப் கொண்டுவந்தவர், நாற்பது வயது இருக்கும். வேறு ஒருவரும் இல்லை.

நவம்பர் மாதம். சனிக்கிழமை, மத்தியானத்துக்கு முன். ஸ்காபரோவில் மச்சானின் வீட்டு வாசல். சினோ, அதாவது பனி, இன்னும் கொட்டத் தொடங்கவில்லை.

மச்சான் சினோ தள்ளும் கொன்றாக்ற் எடுப்பவர். கோயில், டொக்டர்மாரின் கட்டடம், கடைத்தொகுதி என்று கார் நிறுத்துமிடங்களைப் பிடித்து ஆட்களுக்குப் பிரித்துக் கொடுப்பார். ஒருவருக்கு வரும் இடங்களின் வரிசையை றூட் என்போம். மல்வேர்ன் றூட் என்னுடையது, அந்தக் கோயிலும் கட்டடமும் கடைத்தொகுதியும் அதில்தான். பதினொரு பனிக்காலம் தள்ளினேன். முன்னால் சினோ தள்ளும் பிளேட் பூட்டிய ரக் மச்சானுடையது, றூட் என்னுடையது, அப்படித்தான் நினைத்திருந்தேன். கோடையில் எனக்கு நிரந்தர வேலை கிடையாது. பனிக்காலத்தில் உழைப்பதுதான் வருடம் முழுக்கச் சாப்பாடு. அந்த றூட் அன்று கைவிட்டுப் போனது. அதைத்தான் எழுதுகிறேன்.

தள்ளும்போது கையில் போன் பிடித்தால் பொலிஸ் பிடிக்கும். அதனால் எங்கள் ரக்குகளில் சீபீ றேடியோ வைத்திருக்கிறோம். மைக்கை அமத்தினால் பேசலாம், விட்டால் கேட்கலாம். நான் முந்தித் தூர ரக் ஓடினவன். முதுகு போனபின் விட்டேன். றேடியோ பூட்டுவது அங்கே பழகியது. மச்சானின் எல்லா ரக்குக்கும் நான்தான் பூட்டினேன்.

“அஜாக்ஸ் பக்கம் புதுசா ஒரு வேலை வந்திருக்கு, மச்சான்” என்றார் அவர். “இவர்தான் செய்யப்போறார். சொந்தப் பிக்கப். றேடியோவை ஒருக்கா பூட்டிவிடு.”

ஒஷாவாக்காரர் காந்தம் வைத்த அன்ரெனா ஒன்று வாங்கி வந்திருந்தார். கூரையில் வைத்தார். வழுக்கியது. திரும்ப வைத்தார்.

“அண்ணை, இது ஒட்டுதில்லை. காந்தம் பழுதோ?”

“காந்தம் நல்லது. உங்கட பிக்கப் அலுமினியம்.”

மச்சான் சிரித்தார். “இவ்வளவு காசு குடுத்துச் சோத்துச் சட்டி வாங்கியிருக்கிறீர், ஐசே.”

“சட்டியெண்டாலும் பிளேட் தூக்கும், அண்ணை” என்றார் அவர். அவரைப் பிடித்துப்போனது எனக்கு.

என் பெட்டிக்குள் ஒரு இரும்புத் தாங்கியும் என் பழைய அன்ரெனாவும் கிடந்தன. தூர ரக்கில் இருந்து கழற்றியது. அதைக் கொடுத்தேன். விலை கேட்டார். வேண்டாம் என்றேன்.

பின்பெட்டியின் விளிம்பில் துளை போட்டுத் தாங்கியை இறுக்கினேன். அதன் கீழே பெயின்ரைச் சுரண்டினேன். உலோகத்தோடு உலோகம் தொடவேண்டும், இல்லாவிட்டால் றேடியோ இரையும். புதுப் பிக்கப். சுரண்டும்போது அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். கறன்ற் வயரை நேரே பற்றறியில் இருந்து எடுத்தேன், பியூஸ் போட்டு. சிகரெற் லைற்றர் துளையில் குத்தினால் எஞ்சின் சத்தம் முழுக்க றேடியோவில் வரும்.

மச்சானின் மனைவி தேத்தண்ணி கொண்டுவந்தார். எப்போதும் ஒரு கதை கதைப்பவர். அன்று “குடியுங்கோ அண்ணை” என்று கோப்பையைப் பொனற்றில் வைத்துவிட்டு உள்ளே போய்விட்டார். குளிர் என்று நினைத்தேன்.

பிறகு ரியூன் பண்ணுவது. றேடியோவுக்கும் அன்ரெனாவுக்கும் நடுவில் சின்ன மீற்றரைக் கொழுவவேண்டும், முள் எவ்வளவு குறைவாகக் காட்டுதோ அவ்வளவு நல்லது. பிக்கப்பை வீட்டுச் சுவரை விட்டுத் தெருவுக்கு எடுத்தோம். கதவுகளைப் பூட்டி, இரண்டு பேரையும் தள்ளி நிற்கச் சொன்னேன். பக்கத்தில் ஆள் நின்றால் முள் பிழையாகக் காட்டும். முதலாம் சனலில் இரண்டு. நாற்பதாம் சனலில் மூன்று. நாற்பதில் கூடக் காட்டினால் அன்ரெனா நீளம். குட்டித் திறப்பால் அன்ரெனாவின் திருகாணியைத் தளர்த்தி ஒரு நகக்கண் அளவு இறக்கினேன். திரும்பப் பார்த்தேன். இன்னும் கொஞ்சம் இறக்கினேன். நாலு தரம் இறங்கி ஏறினேன், முதுகு சொல்லிக்கொண்டே இருந்தது. கடைசியில் இரண்டு சனலிலும் முள் ஒன்றரைக்குக் கீழே நின்றது. என் ரக்கில்கூட அவ்வளவு நன்றாக வரவில்லை.

“ஓடிப் பாரும்” என்று மச்சான் அவரிடம் சொன்னார். “எவ்வளவு தூரத்துக்குக் கேக்குதெண்டு பாப்பம்.”

அவர் போனார். நான் ஓட்டும் ரக்கில் ஏறி இருந்து றேடியோவைப் போட்டேன். மச்சான் கதவடியில் நின்றார்.

“அண்ணை, கேக்குதோ? கோயிலடியில நிக்கிறன்.”

“தெளிவா இருக்கு” என்றேன். அஜாக்ஸ் கிழக்கே. கோயில் அந்தப் பக்கம் இல்லை. ஆள் பாதை மாறிவிட்டார் என்று நினைத்தேன்.

கொஞ்ச நேரம் போனது.

“இப்ப டொக்டர்மாற்ற கட்டடம். கேக்குதோ?”

“கேக்குது.”

மச்சான் கையை உள்ளே நீட்டி வொலியுமைக் குறைத்தார். நான் அவரைப் பார்த்தேன். அவர் தெருவைப் பார்த்தார். நான் வொலியுமைத் திரும்பக் கூட்டினேன்.

“அண்ணை, கடைத்தொகுதிக்கு வந்திட்டன். பேப்பரில உள்ளமாதிரி பின்பக்கத்தால வந்தனான். சரிதானே?”

அங்கே பின்பக்கத்தைத்தான் முதலில் தள்ளவேண்டும். விடியப் பாண் லொறி வரும். அந்த ஒழுங்கை ஒருவரும் எனக்குச் சொல்லித்தரவில்லை. நானாகக் கண்டுபிடித்தது. நாலு வருடத்துக்கு முன் காய்ச்சலில் கிடந்தபோது, மச்சான் ஒரு தரம் ஓடட்டும் என்று முழு றூட்டையும் மகளின் கலர்ப் பென்சிலால் கீறிக் கொடுத்தேன். வழியை எழுத்தில் சொல்ல எனக்கு வராது, படம் வரும். பேப்பர் என்றால் அந்தப் பேப்பர்தான்.

“என்ர றூட்டைக் குடுத்திட்டியோ?” என்றேன்.

“உனக்குச் சொல்லத்தான் இருந்தன், மச்சான்.”

“எப்ப?”

“இண்டைக்கு.”

“இண்டைக்கு எப்ப?”

“றேடியோ முடிஞ்ச பிறகு.”

நான் மைக்கைக் கொக்கியில் மாட்டினேன். அவர்தான் கதைத்தார்.

“உன்ர முதுகை யோசிச்சுப் பார். அவர் சொந்த ரக் வைச்சிருக்கிறார், இன்சூரன்சும் அவரே கட்டுவார். நான் இந்த ரக்கை விக்கப்போறன். கோவிக்காதை. வேற ஏதும் வந்தா உனக்குத்தான் முதல்ல சொல்லுவன்.”

“அஜாக்ஸ்?”

“அஜாக்ஸில ஒண்டும் இல்லை.”

குசினி யன்னலில் திரைச்சீலை அசைந்தது.

“அவவுக்குத் தெரியுமோ?” என்றேன். என் மனைவியைப் பற்றித்தான் கேட்டேன்.

மச்சான் காலால் ஒரு கல்லைத் தள்ளினார். “தங்கச்சிக்குப் போன கிழமை சொன்னனான். நீ வீட்டில சத்தம் போடுவாயெண்டு பயந்தவள்.”

நான் வீட்டில் சத்தம் போட்டது கிடையாது. அவள் ஒரு கிழமையாக எனக்குச் சோறு போட்டிருக்கிறாள். நேற்றும் மீன்குழம்பு வைத்தாள். காலையில் புறப்படும்போது கையுறை எடுத்தீங்களோ என்று கேட்டாள்.

இறங்கிப் போய்விடலாம் என்று கதவில் கை வைத்தேன். அப்போது றேடியோ இரைந்தது.

“அண்ணை, இன்னொண்டு. கடை முன்பக்கத்தில கட்டுத் திட்டு எத்தினை? சினோ மூடினால் தெரியாதெல்லோ. பேப்பரில ஒன்பது குறி இருக்கு. சரியோ?”

கார் வரிசைகளுக்கு நடுவில் சீமெந்தால் கட்டிய திட்டுகளைக் கேட்டார். முழங்காலுக்குக் கீழே உயரம். ஒரு அடி சினோ கொட்டினால் தரை எது, திட்டு எது என்று விளங்காது. பிளேட் அதில் இடித்தால் ரக் நின்ற இடத்திலேயே நிற்கும், ஆள் நிற்கமாட்டார். என் இரண்டு விலா எலும்பு அங்கேதான் உடைந்தது.

மச்சான் எனக்குக் குறுக்கே கையைப் போட்டு மைக்கை எடுத்தார். “ஓம் ஓம், ஒன்பதுதான். நீர் இப்ப திரும்பி வாரும்.”

நான் பேப்பர் கீறிய பிறகு அந்த இடத்தைத் திருத்திக் கட்டினார்கள். மரம் வைக்க என்று புதிதாகத் திட்டுகள் கட்டினார்கள். மச்சானுக்கு அது தெரியாது. அவர் அங்கே ஒரு தரம்தான் தள்ளியவர். எனக்கு மட்டும் தெரியும். சொல்லாமல் விடலாம் என்று நினைத்தேன். பொய் எழுதவில்லை, நினைத்தேன். முதல் பெரிய சினோவோடு மச்சான் என்னைத் தேடி வருவார். புதுப் பிக்கப்பும் போகும், அந்த மனிதனின் நெஞ்சும் போகும், றூட் என்னிடம் திரும்பி வரும்.

மச்சானின் கையில் இருந்து மைக்கை வாங்கினேன். அவர் விட்டுவிட்டார்.

“தம்பி, ஒன்பது இல்லை” என்றேன். “பேப்பர் பழசு.”

“அப்ப எத்தினை அண்ணை?”

கண்ணை மூடி, பின்பக்கத்தால் வந்து, முன்பக்கத்துத் திட்டுகளை நான் தள்ளும் ஒழுங்கில் ஒவ்வொன்றாக எண்ணினேன். அவர் காத்திருந்தார். பிறகு மைக்கை அமத்தினேன்.

“பதினேழு.”