தகரக் கூரையில் ஒரு துளை

அகனேதாவின் விரல்கள் முடக்குவாதத்தில் கோணிப்போயிருந்தன. கனடாவின் மனிடோபாவில் பனிக்காலக் காலைகளில் சட்டைப் பொத்தானைக்கூட அவளால் போட முடியாது. வெந்நீர்த் தொட்டியில் அமிழ்ந்து கிடந்தால் மட்டும் கொஞ்சம் இளகும். இந்த உலகத்தில் தனக்கென்று அவள் ஆசைப்பட்டது அந்தச் சூடு ஒன்றுக்குத்தான். அதையும் அவள் கணவன் கொர்னேலியஸ் ஏளனம் செய்தே பறித்துவிட்டான்.

மார்ச்சில் வெயில் ஏறத் தொடங்கினால் போதும், வீட்டுக்குள் மேலிருந்து நீர் சொட்டும். "ராணியம்மா ஊறின தண்ணி மேல ஏறி இறங்குது" என்பான் அவன். வீட்டைத் தன் கையால் கட்டியவன். தகரக் கூரையைத் தானே போட்டு, "ஒரு ஓட்டை காட்டுங்க பார்ப்போம்" என்று தேவாலய வாசலில் மார்தட்டியவன். அந்தக் கூரை ஒழுகுமா? பழி மனைவி தலையில்தானே விழ வேண்டும்! குளியலறையில் நீராவியை இழுக்கும் விசிறியையும் அவனே பொருத்தியிருந்தான். குளிக்கும்போதெல்லாம் அதைப் போடச் சொல்லி அதட்டுவான். அவளும் தவறாமல் போட்டாள். அப்படியும் சொட்டியது.

போன உருளைக்கிழங்கு அறுவடையோடு அவள் தொட்டியில் இறங்குவதையே நிறுத்திக்கொண்டாள். வாளியில் துணி நனைத்து உடம்பைத் துடைத்துக்கொள்வாள். அவனிடம் சொல்லவில்லை. அவன் கவனிக்கவும் இல்லை. பன்றிக் கொட்டகையிலிருந்து வந்து, நாற்றம் போகும்வரை ஷவரின் கொதிநீரில் அவன் தினமும் நின்றான்.

மார்ச் மாத ஞாயிறு ஒன்றில், ஃபாஸ்பா என்னும் பிற்பகல் சிற்றுண்டிக்குக் கொர்னேலியஸின் தம்பி ஹெய்னும் அவன் மனைவி யுஸ்தினாவும் வந்திருந்தார்கள். இரட்டை பன்னும் பாலாடைக்கட்டியும் பிளம் ஜாமும் மேசைக்கு வந்தன. யுஸ்தினாவின் காப்பிக் கோப்பைக்குள் சொட்டென்று ஒரு துளி விழுந்தது.

"என்னக்கா, காப்பி திக்கா இருக்குன்னு நான் சொல்லவே இல்லியே!"

"உங்கக்கா குளிச்ச தண்ணிதான், குடிம்மா" என்றான் கொர்னேலியஸ். "பனிக்காலம் பூரா ஊறிக் கெடந்தா வீடு என்ன பண்ணும்?"

எல்லாரும் சிரித்தார்கள். அகனேதா காப்பிக் குடுவையைக் கீழே வைத்தாள்.

"அறுவடையிலேர்ந்து நான் அந்தத் தொட்டியில காலே வைக்கல."

"பொய் சொல்லாத."

"இந்தக் கையப் பாருங்க. வெந்நீரப் பார்த்த கையா இது?"

சிரிப்பு நின்றது. ஹெய்ன் ஏணியை எடுத்துவந்து பரண் கதவைத் தள்ளி மேலே ஏறினான்.

"அண்ணே! தகரத்துக்கு அடியில பூரா உறைபனி. வெயிலுக்கு உருகிக் கொட்டுது. விசிறிக் குழாய், குளிருக்குப் பரப்பின பஞ்சு மேல வாயத் தொறந்துக்கிட்டுக் கெடக்கே! அத்தனை ஆவியும் இங்கதான வந்து பனியா உறைஞ்சிருக்கு. கூரைக்கு வெளிய விட மறந்துட்டீங்களா?"

"மறக்கல" என்றான் கொர்னேலியஸ் தரையைப் பார்த்தபடி. "வெளிய விட்டா தகரத்த வெட்டணும். ஓட்டையே இல்லாத கூரைன்னு ஊரெல்லாம் சொல்லிட்டேன்."

"அப்ப உங்களுக்குத் தெரியும்" என்றாள் அகனேதா. "தெரிஞ்சேதான் இத்தனை வருஷமும் என்னச் சொன்னீங்க."

ஒரே ஒரு வார்த்தைக்காக அவள் காத்திருந்தாள். அவன் தம்பியை நிமிர்ந்து பார்த்தான்.

"ஹெய்ன், இத சர்ச்சுல யார்கிட்டயும் சொல்லிடாத."

மறுநாள் ஹெய்ன் தகரத்தை வெட்டினான். குழாய்க்குப் பஞ்சு சுற்றி, கூரைக்கு மேலே ஏற்றி, மூடி போட்டான். அன்று மாலை தெருவே பார்க்கும்படி கொர்னேலியஸின் கூரையிலிருந்து வெள்ளை ஆவி எழுந்தது.

உள்ளே, கழுத்தளவு வெந்நீரில் அகனேதா விரல்களை நீட்டிப் பார்த்தாள். வலி அடங்கியது. விரல்கள் நிமிரவில்லை. இனி நிமிரப் போவதும் இல்லை என்று புரிந்தபோது, அவள் சத்தமில்லாமல் அழுதாள்.

"அகனேதா, போதும், வா! எனக்குக் கொஞ்சம் வெந்நீர் விட்டு வை" என்றான் அவன், கதவைத் தட்டி.

அவள் விரல் நிமிராத கையின் அடிப்பகுதியால் வெந்நீர்க் குழாயைத் தள்ளி மறுபடியும் திறந்துவிட்டாள்.