பதினொன்றரைக்குத் தொடங்க வேண்டிய ஆட்டம்

போன மாதம் ஒரு கல்யாண வீட்டுச் சாப்பாட்டு மேசையில் நாங்கள் நாலு பேர் உதைபந்தாட்டம் விளையாடினோம். காலால் அல்ல. எங்கள் நாலு பேருடைய முழங்கால்களையும் சேர்த்துப் பார்த்தாலும் ஒழுங்கான ஒரு சோடி தேறாது. உப்புப் போத்தலும் மிளகுப் போத்தலும் கோல் கம்பங்கள். பேப்பர் கப் ஒன்று கோல் கீப்பர். "இஞ்சை நிண்டுதான் அடிச்சவன். இடக்கால். கீப்பர் அசையேல்லை மச்சான்!" என்று ஒருவர் மட்டன் ரோல்ஸைப் பந்தாக்கிச் சுண்டிவிட, அது போய் மாப்பிள்ளையின் மாமா மடியில் விழுந்தது. சிரித்துச் சிரித்து எங்களில் ஒருவருக்குப் புரையேறிவிட்டது.

புரையேறியவர் தண்ணீர் குடித்துவிட்டு என்னைப் பார்த்தார். "நீர்தானே அண்டைக்கு அன்ரனை வானுக்குள்ளை ஏத்திக்கொண்டு வந்தனீர்? ஆள் இப்ப எங்கை?"

நான் அவசரமாக ஒரு ரோல்ஸை வாய்க்குள் வைத்துக்கொண்டு தலையை ஆட்டினேன். வாய் நிறைய இருந்தால் பதில் சொல்ல வேண்டியதில்லை. இந்த வயதில் கற்றுக்கொண்ட ஒரே புத்தி அதுதான்.

ஆனால் அந்த எண்ணெய் வாசம் சும்மா விடுமா? எங்களுக்கு அந்தக் கோடை முழுவதும் ரோல்ஸ் வாசம்தான். எண்பதுகளின் கடைசி. ஞாயிற்றுக்கிழமைகளில் வட லண்டனில் ஒரு பெரிய பார்க். காலையிலேயே பெண்கள் பொரித்து, ஐஸ்கிரீம் பெட்டிகளில் அடுக்கி, மேலே துவாய் போட்டு மூடிக் கொண்டுவந்து, கார் டிக்கியைத் திறந்துவைத்து விற்பார்கள். வெட்டின புல், நோவெண்ணெய், ரோல்ஸ், இந்த மூன்றும் கலந்த ஒரு வாசம். யாழ்ப்பாணத்துக் கல்லூரிகளின் பழைய மாணவர்கள் ஆளுக்கொரு ரீம் சேர்த்து ஒரு கேடயத்துக்காக விளையாடினார்கள். அகதியாக வந்து பெற்றோல் ஷெட்டிலும் ரெஸ்ரோறண்டிலும் நின்ற பெடியள், வாரத்தில் ஒருநாள் தங்கள் கல்லூரிச் சேர்ட்டைப் போட்டுக்கொள்கிற இடம் அது.

எங்கள் கல்லூரி கடற்கரையோரத்துச் சின்னக் கல்லூரி. எங்களைச் சேர்த்ததே ரீம்களின் எண்ணிக்கையை இரட்டைப்படை ஆக்கத்தான் என்று மற்றவர்கள் நக்கலடிப்பார்கள். உண்மையாகவும் இருக்கலாம். முதல் இரண்டு வருடமும் முதல் சுற்றிலேயே நடையைக் கட்டினோம்.

என்னைப் பற்றிப் பெரிதாக நினைத்துவிடாதீர்கள். நான் விளையாட்டுக்காரன் இல்லை. படிக்கிற காலத்தில் ஒரேயொரு தரம் ஆள் குறைகிறது என்று என்னை இறக்கினார்கள். அன்றைக்கு ஒரு கோல் அடித்தேன், எங்கள் வலைக்குள்ளேயே. ஆகவே லண்டனில் எனக்குக் கிடைத்த பதவிகள் வான் ஓட்டுவது, சேர்ட் தோய்ப்பது, இடைவேளைக்கு உறிஞ்சத் தோடம்பழம் வெட்டுவது, தொண்டை கிழியக் கத்துவது. அதில் எனக்கு ஒரு குறையும் இல்லை. திங்கட்கிழமை ஷிப்டுக்குக் குரலில்லாமல் போவது ஒரு பெருமையாகவே இருந்தது.

மூன்றாவது வருடம் அன்ரன் வந்து சேர்ந்தான். வட லண்டனிலேயே எட்மண்டனில் ஒரு அறையில் ஐந்து பேரோடு இருந்தான். கோப்பை கழுவுகிற வேலை. கட்டையான ஆள். நடந்து வந்தால், இவனா விளையாடப்போகிறான் என்றுதான் தோன்றும். இடக்காலில் பந்து பட்டால் கதை வேறு. எனக்குத் தம்பி இல்லை. அந்தக் கோடையில் அவனைத்தான் தம்பியாக நினைத்துக்கொண்டு திரிந்தேன்.

அன்ரனின் தகப்பன் கடலுக்குப் போகிறவர். ஆனால் கல்லூரியில் மட்ச் என்றால் அன்று கடலுக்குப் போக மாட்டார். கோல் கம்பத்துக்குப் பின்னால் சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு நின்று, "இடக்கால்! இடக்கால்!" என்று கத்துவது எனக்கே ஞாபகம் இருக்கிறது. இங்கே ஒவ்வொரு மட்ச் முடியவும் அன்ரன் நீலநிற விமானக் கடிதத்தில் மைதானத்தைப் படமாகக் கீறி, யார் எங்கே நின்றார்கள், பந்து எந்தப் பக்கம் போனது என்று அம்புக்குறி போட்டுத் தகப்பனுக்கு அனுப்புவான். அவரும் விடமாட்டார். இரண்டாவது பாஸ் பிந்திவிட்டது, அந்த இடத்தில் ஏன் திரும்பினாய் என்று திருத்தி எழுதுவார். கடிதம் வந்து சேர மாதக்கணக்காகும். முதல் சுற்றில் விட்ட பிழைக்கான புத்திமதி அரையிறுதி முடிந்த பிறகு வரும். நாங்கள் அதை வானுக்குள் உரத்து வாசித்துச் சிரிப்போம். அன்ரன் மட்டும் சிரிக்காமல் கேட்டுக்கொண்டிருப்பான்.

அரையிறுதி என்று சொன்னேன் பாருங்கள்! ஓம், அந்த வருடம் நாங்கள் இறுதி ஆட்டத்துக்கு வந்துவிட்டோம். எதிரில் பட்டணத்துப் பெரிய கல்லூரி. அவர்களுக்கு இரண்டு செற் சேர்ட், கோச், எல்லாம் இருந்தது. எங்களுக்கு அன்ரன் இருந்தான்.

இனி அந்த ஞாயிற்றுக்கிழமையைச் சொல்லத்தான் வேண்டும்.

அந்தக் காலத்தில் ரெலிபோன் உள்ள வீடு என்றால் அது ஒரு வீட்டுக்கு மட்டும் சொந்தமில்லை. தென் லண்டனில் மிச்சம் என்ற இடத்தில் நாங்கள் இருந்த வீட்டு நம்பரை எங்கள் கல்லூரிப் பெடியள் முழுப்பேரும் ஊருக்கு எழுதிக் கொடுத்திருந்தார்கள். ஊரில் போன் இல்லை. யாராவது கொழும்புக்கு வந்தால், லொட்ஜில் நின்று எங்கள் வீட்டுக்குப் போன் எடுப்பார்கள். நாங்கள் உரிய ஆளுக்குச் சொல்லி அனுப்புவோம். அன்று காலை ஒன்பது மணிக்கு மணி அடித்தது. அன்ரனின் அம்மா.

"தம்பி, அன்ரன் அதிலை நிக்கிறானோ?"

"இல்லையம்மா, இனித்தான் போய் ஏத்தப்போறன்."

"அவர் மோசம் போயிட்டார் தம்பி. போன கிழமை. நெஞ்சுநோ எண்டு ஒருக்காச் சொன்னவர், அவ்வளவுதான். அவனுக்குச் சொல்லத்தான் இவ்வளவு தூரம் வந்தனான். ஆறு மணிக்கு ஊருக்கு வான். அதுக்கு முதல் அவனை எடுக்கச் சொல்லுங்கோ. அவன்ரை குரலைக் கேட்டிட்டுப் போறன்."

பிறகும் கதைத்தார். பத்து நிமிடம் இருக்கும். நான் "ஓமம்மா, ஓமம்மா" என்றேன். லொட்ஜ் நம்பரைக் குறித்துக்கொண்டேன்.

கொழும்பில் ஆறு மணி என்றால் எங்களுக்கு ஒன்றரை. மட்ச் பதினொன்றரைக்கு. அரைமணி, அரைமணி, நடுவில் பத்து நிமிடம். ஒன்றுக்கு முதலே முடிந்துவிடும். பார்க் வாசலில் போன் பெட்டி இருக்கிறது. நேரம் தாராளம். இந்தக் கணக்கை நான் உடனே போட்டுவிட்டேன் என்பதை உங்களுக்கு மறைக்கப்போவதில்லை. பிறகு எங்கள் ரீமைப் பார்த்துக்கொண்ட சிவம் அண்ணைக்கு எடுத்தேன்.

அன்ரனின் தகப்பன் செத்துப்போனதைச் சொன்னேன். "இப்ப சொல்லாதையும்," என்றார். "பெடியன் இடிஞ்சுபோவான். மட்ச் முடியட்டும். பக்குவமாச் சொல்லுவம்."

பக்குவமாகச் சொல்வது எங்கள் ஆட்களின் வழக்கம்தானே. செத்த வீட்டுச் செய்தியை யாரும் நேரே சொல்வதில்லை. முதலில் "கொஞ்சம் சுகமில்லை" என்போம், பிறகு "ஆஸ்பத்திரியிலை" என்போம், வாசலில் பந்தலைக் காணும்வரை இழுப்போம். நான் அந்த வழக்கத்துக்குள் ஒளிந்துகொண்டேன். எனக்குக் கேடயம் வேண்டும். அதுதான் உண்மை. சிவம் அண்ணை இப்போது உயிரோடு இல்லை, அவர் தலையில் கட்டிவிடுவது சுலபம். ஆனால் செய்தி என் காதில் அல்லவா விழுந்தது.

எட்மண்டனில் அன்ரன் முன் சீற்றில் ஏறினான். கையில் நீலக் கடிதம்.

"நேற்றுத்தான் வந்தது அண்ணை. அப்பா எழுதியிருக்கிறார், இறுதி ஆட்டத்துக்கு வந்தால் கீப்பரைப் பார்க்காதையாம், வலையைப் பாராம்."

நான் வீதியைப் பார்த்துக்கொண்டு ஓட்டினேன். மூன்று போன் பெட்டிகளைத் தாண்டினேன். மூன்றும் இன்றைக்கும் கண்ணுக்குள் நிற்கின்றன.

பதினொன்றரைக்கு மட்ச் என்று நான் நம்பியதை நினைத்தால் எனக்கே என்மேல் ஆத்திரம் வருகிறது. எங்கள் ஆட்களின் எந்த நிகழ்ச்சி நோட்டீஸில் போட்ட நேரத்துக்குத் தொடங்கியிருக்கிறது? பிரதம விருந்தினர் வரவில்லை. பன்னிரண்டேகாலுக்குக் கோட்டும் சூட்டுமாக வந்து இறங்கினார். இரண்டு ரீமுக்கும் கைகொடுத்தார். பேசினார். எங்கள் இளைஞர்கள், எங்கள் இலட்சியம் என்று ஏதோ. பிறகு ஒலிவாங்கியில், ஊரில் உயிர் நீத்த எமது உறவுகளுக்காக ஒரு நிமிட மௌனம் என்றார்கள்.

அன்ரன் நடுக்கோட்டில் தலையைக் குனிந்து நின்றான். சிலுவை போட்டுக்கொண்டான். யாருக்காக நிற்கிறான் என்று அவனுக்குத் தெரியாது, எனக்கும் சிவம் அண்ணைக்கும் தெரியும். சிவம் அண்ணை என்னைப் பார்க்கவில்லை.

பன்னிரண்டரைக்கு விசில். இடைவேளைக்கு மணி ஒன்று. நாங்கள் ஒரு கோல் பின்னால். நான் தோடம்பழத் தட்டோடு அவனிடம் போனேன். இன்னும் அரைமணி இருக்கிறது, வாசலுக்கு ஐந்து நிமிட நடை. சொல்லத்தான் போனேன், சத்தியமாகச் சொல்லத்தான் போனேன். அவன் ஒரு துண்டை எடுத்து உறிஞ்சிவிட்டு, வேர்த்த முகத்தோடு என்னைப் பார்த்துச் சிரித்தான்.

"யோசியாதேங்கோ அண்ணை. இண்டைக்கு அப்பாவுக்கு எழுத நல்ல விஷயம் ஒண்டு தாறன்."

நான் மற்றவர்களுக்குத் தோடம்பழம் கொடுக்கப் போனேன்.

இரண்டாம் பாதியில் அவன் இரண்டு கோல் அடித்தான். கல்யாண வீட்டு மேசையில் ரோல்ஸால் அடித்துக் காட்டியது இரண்டாவதை. நான் அதைச் சரியாகப் பார்க்கவில்லை. மணிக்கூட்டைப் பார்த்தேன், ஒன்று முப்பத்தைந்து. சுற்றிவர எல்லோரும் துள்ளுகிறார்கள், யாரோ என்னைக் கட்டிப்பிடித்து முத்தம் கொடுக்கிறார். நான் பார்க் வாசலுக்கு ஓடினேன். வாழ்க்கையில் அப்படி ஓடியதில்லை. சில்லறையைப் போட்டு நம்பரைச் சுழற்றினேன். நாலாம் தடவையில்தான் லைன் கிடைத்தது.

"வான் போயிட்டுதே," என்றார் லொட்ஜ்காரர். "அந்தம்மா போன் பக்கத்தைவிட்டு அசையேல்லை. டிரைவர் ஹோர்ன் அடிச்சுக் கத்தின பிறகுதான் ஏறினவ."

திரும்பி வரும்போது அவனைத் தோளில் தூக்கி வைத்திருந்தார்கள். இறங்கட்டும் என்று காத்துநின்றேன். பிறகு வானுக்குப் பின்னால் கூட்டிப்போய்ச் சொன்னேன். பக்குவமாக அல்ல, அப்படியே போட்டு உடைத்தேன். அவன் கீழே புல்லில் இருந்துவிட்டான்.

"அம்மா எத்தினை மணிக்கு எடுத்தவ?"

பொய் சொல்ல வாய் எடுத்தேன். முடியவில்லை. "ஒன்பது," என்றேன். "பத்து நிமிஷம் கதைச்சவ."

கனநேரம் பூட்ஸ் கயிற்றை அவிழ்த்துக்கொண்டிருந்தான். பிறகு சொன்னான்: "சொல்லியிருந்தாலும் விளையாடியிருப்பன் அண்ணை. அம்மாவோடை கதைச்சிட்டு வந்து, அப்பாவுக்காண்டி விளையாடியிருப்பன்."

அழுதானா என்று கேட்காதீர்கள். நான் அழுதேன். அவன் என் தோளில் தட்டினான், அதுதான் தாங்க முடியாமல் போனது.

அதன் பிறகு அவன் மைதானத்துக்கு வரவில்லை. ஊரில் மறுபடி சண்டை தொடங்கிப் பாதை பூட்டிவிட்டார்கள். அவனுடைய அம்மா திரும்பக் கொழும்புக்கு வரவேயில்லை. சில வருடங்களின் பின் இடம்பெயர்ந்து போன இடத்தில் காய்ச்சலில் மோசம் போனார் என்று கடிதம்தான் வந்தது. தாயும் மகனும் ஒருநாளும் போனில் கதைக்கவில்லை. எங்கள் ரீம் அடுத்த வருடம் முதல் சுற்றில் தோற்றது. பிறகு ரீமே இல்லை. கேடயம் யார் வீட்டுக்குப் போனதென்று யாருக்கும் தெரியாது. அந்த பார்க்கில் இப்போது வேறு நாட்டுப் பெடியள் விளையாடுகிறார்கள், நன்றாகவே விளையாடுகிறார்கள்.

அன்ரனை அதன் பின் ஒரேயொரு தரம் கண்டேன். தொண்ணூறுகளின் கடைசியில், கிழக்கு லண்டனில் பார்க்கிங் என்ற ஊரில், ஒரு பஸ் தரிப்பிடத்தில். தலை நரைத்திருந்தது. என்னைக் கண்டதும் எழும்பி இடம் தந்தான். கோபத்தின் சாயல்கூட இல்லை. சுகம் விசாரித்தான். பஸ் வரும் நேரத்தில் தயங்கித் தயங்கிக் கேட்டான்.

"அண்ணை, அண்டைக்கு அம்மா பத்து நிமிஷம் கதைச்சவ எண்டு சொன்னனீங்கள். என்ன சொன்னவ? ஒரு சொல்லும் விடாமல் சொல்லுங்கோ."

சொன்னேன். அப்பா நெஞ்சுநோ என்றது, ஆறு மணி வான், உன் குரலைக் கேட்டுவிட்டுப் போகிறேன் என்றது. மேலே உங்களுக்கு எழுதியது அவ்வளவையும்.

"வேறை?"

அவன் முகத்தை என் காதுக்குப் பக்கத்தில் கொண்டுவந்தான். நான் யோசித்தேன். இன்றைக்கும் யோசிக்கிறேன். வேறு ஒன்றும் வரவில்லை. அந்தத் தாய் தன் மகனுக்கென்று சொன்ன மற்ற எல்லாவற்றையும் நான் கேட்கவில்லை. அவர் கதைத்துக்கொண்டிருக்கும்போதே நான் சுவர் மணிக்கூட்டைப் பார்த்து, மட்ச் எத்தனை மணிக்கு முடியும் என்று கணக்குப் பார்த்துக்கொண்டிருந்தேன்.