பேந்த்சே குறித்த நாள்

"மதியம் ஒன்று முதல் நான்கு வரை பிரபஞ்சமே கிழிந்தாலும் கதவைத் தட்டக் கூடாது. கிழியும் தேதி உள்ளே ஒட்டப்பட்டுள்ளது."

அறிவிப்பின் நாலு மூலையையும் கட்டைவிரலால் அழுத்திவிட்டு, ஓர் எட்டு பின்னால் போய் நின்று ரசிக்கிறார் மிலிந்த் பேந்த்சே. புனேக்காரர், எதையும் வாயால் சொல்வதைவிட எழுதி ஒட்டிக் குத்துவதில்தான் அவருக்குச் சுகம்.

தொழில், பிரபஞ்சத்தின் சாவுக்கு நாள் குறிப்பது. எல்லாவற்றையும் விலக்கித் தள்ளிக்கொண்டிருக்கும் இருண்ட ஆற்றல் நாளுக்கு நாள் வலுத்து, கடைசியில் விண்மீன், கோள், அணு என ஒன்றுவிடாமல் கிழித்துப் போடும் என்பது அவர் கணக்கு. இன்னும் இரண்டாயிரத்து இருநூறு கோடி ஆண்டு. எதிர் அறைத் தேவ்தரோ, அந்த ஆற்றல் கூடவும் செய்யாது குறையவும் செய்யாது, எல்லாம் விலகி விலகிக் குளிர்ந்து அணையும் என்கிற கட்சி. இருபத்தாறு வருடமாக டீக்கடையில் இதே சண்டை.

"கிழியும்யா!"

"விறைச்சுத்தான்யா சாகும்!"

பிள்ளையார் ஆரத்தியில் மனைவி சுலபா ஊர் உலகம் நன்றாக இருக்கட்டும் என்று கும்பிடும்போது இவரும் கண்ணை மூடிக் கைகூப்புவார். "எல்லாம் அழியணும்னு சாமிகிட்ட கேக்குற ஆளு எங்க வீட்டுக்காரர் ஒருத்தர்தான்" என்பாள் அவள். பாவம், மனிதர் எறும்பைக்கூட ஊதித்தான் தள்ளுவார்.

விண்மீன் மண்டலங்களை அளக்கும் அவர்கள் குழுவில் ஒரு வழக்கம். ஆசை கணக்கைக் கெடுத்துவிடக் கூடாதென்று உண்மை எண்களை ரகசியமாய் மாற்றிவைத்து, வேலை முழுக்க முடிந்த பிறகே திறப்பார்கள். போன மாதம் அந்தப் பொய் எண்கள் பேந்த்சே பக்கம் சாய்ந்தன. மனிதர் தாழ்வாரம் முழுக்கப் பேடா வழங்கிவிட்டார்!

"யோவ், அது பொய் எண்ணுன்னு உனக்குத் தெரியாதா?" என்றார் தேவ்தர், வாயில் பேடாவோடு.

"தெரியும்யா. ஒரு மாசமாவது ஜெயிச்சுட்டுப் போறேன், விடு."

நேற்று உண்மை எண்களைத் திறந்து, வரைபடத்தைத் தேநீர் அறைச் சுவரில் ஒட்டினார்கள். உண்மை இருக்கக்கூடிய இடத்தைச் சுற்றி முட்டை வடிவில் ஒரு கோடு. தேவ்தர் கணக்கைக் குறிக்கும் புள்ளி அதன் நட்ட நடுவில். பேந்த்சேயின் புள்ளி மயிரிழை வெளியே. ஓய்வு பெற நாலே மாதம். இதைவிடப் பெரிய அளவீடு இனி அவர் காலத்தில் வராது. இத்தனை வருடம் கேலி செய்த தேவ்தரே கிட்டே வந்தார்.

"பிரபஞ்சம் பொழைச்சுப் போகுது, விடுய்யா" என்று தோளைத் தொட்டார்.

பேந்த்சே வரைபடத்தில் மூக்கு இடிக்கும்வரை நெருங்கி வெகு நேரம் பார்த்தார். "இந்தக் கோட்டை இவ்வளவு மெல்லிசா போட்டது யாரு?"

தேவ்தரின் சட்டைப்பையிலிருந்து தடித்த பேனாவை உருவினார். முட்டைக் கோட்டின் மேலேயே, தன் புள்ளி மைக்குள் அடங்கும்வரை அழுத்தி ஒரு சுற்று வரைந்தார்.