சென்னியப்பன் அண்ணனின் ஓவல் ஸ்பீக்கர்

தொண்ணூறுகளின் நடுவில் காந்திபுரத்தில் ஒரு கார் ஸ்டீரியோ கடையில் ஃபிட்டராக இருந்தேன். டாக்ஸி ஓட்டும் சென்னியப்பன் அண்ணன் ஒரு நாள் முகம் வாடி வந்தார். அவருடைய அம்பாசடருக்குப் பிழைப்பே ஒரு லாட்ஜ்தான். அங்கே வந்து தங்கும் ஈரோடு, கரூர்ப் பக்கத்து ஆட்களை ஆனைமலை கோயிலுக்கும் ஊட்டிக்கும் கூட்டிப்போவார்.

"ஏனுங் தம்பி, பாட்டு கரகரன்னு இரையுதுன்னு லாட்ஜு மேனேஜர்கிட்டச் சொல்லிப்போட்டாங்க. இன்னொருக்கா பேச்சு வந்தா வேற வண்டியக் கூப்பிட்டுக்குவேங்கறாருங்க."

பின்கண்ணாடி வழியாக வெயில் அடித்து அடித்து, ஸ்பீக்கரின் பேப்பர் கோன் கிழிந்திருந்தது. பாட்டுப் போடும் டேப் செட்டில் கோளாறு இல்லை. அண்ணன் கையில் இருந்த காசுக்குப் புதிதாக ஒரு ஜோடிதான் வரும். முன்கதவுகளில் சின்னது போடலாம், இல்லையென்றால் பின்சீட்டுக்குப் பின்னால் இருக்கிற பலகையில் பெரிய ஓவல் போடலாம்.

"ஏறுறவங்க பின்னாடிதானுங்க உட்கார்றாங்க. அங்கயே போட்டுடுங்க" என்றார். எனக்கும் நியாயமாகத்தான் பட்டது. அட்டைப்பெட்டியில் அச்சடித்த வாட்ஸை நான் என்றைக்கும் நம்பியதில்லை. காந்தம் கனமாக இருந்த ஜோடியாகப் பார்த்து எடுத்தேன்.

மாட்டி முடித்ததும் அண்ணன் டிரைவர் சீட்டில் உட்கார்ந்து குமிழைத் திருகினார். நான் முன் ஜன்னலில் தலையை விட்டுக் கேட்டேன். முதலாளியும் என் பக்கத்தில் வந்து நின்று கேட்டார். மூன்று பேருக்கும் திருப்தி.

சில மாதம் கழித்து மறுபடி வந்தார்.

"வண்டியை விக்கறனுங்க தம்பி. ஸ்பீக்கரைக் கழட்டிக்கிட்டு வந்த விலை குடுங்க. லாட்ஜுல வேற வண்டி போட்டுட்டாங்க."

"ஏனுங்கண்ணா?"

"சத்தமுன்னு புகாருங்களாம். ஏத்துன ஒவ்வொருத்தருகிட்டயும் 'சத்தம் செரியா இருக்குதுங்களா'ன்னு கேட்டனுங்க. 'நல்லாருக்குதுங்க, நல்லாருக்குதுங்க'ன்னாங்க. எறங்கிப் போயி மேனேஜர்கிட்டத் தலைவலின்னிருக்கறாங்க."

நம் பக்கத்து ஆட்கள் அப்படித்தான். முகத்துக்கு நேரே குறை சொல்ல நாக்கு வராது. காதே கிழிந்தாலும் ஒரு 'ங்க' போட்டுச் சிரித்துவிட்டு இறங்குவார்கள்.

ஸ்குரூ கழற்றப் பின்சீட்டில் முட்டி போட்டு ஏறினேன். கடைசியாக ஒரு பாட்டு கேட்போம் என்று அண்ணன், எப்போதும் வைக்கிற அளவிலேயே செட்டைப் போட்டார். மண்டையில் அறைந்த மாதிரி இருந்தது.

"அண்ணா, குறைங்க! இங்க இருக்கவே முடியலீங்க."

அவர் திரும்பிப் பார்த்தார். "முன்னால சன்னமாத்தானுங்க கேட்குது." குமிழைக் கொஞ்சம் திருப்பினார். "இப்பங்க?"

சரியாக இருந்தது.

"இவ்வளவுதானுங்களா?" என்றார். "ஆராச்சும் ஒரு வார்த்தை சொல்லியிருந்தா மொத நாளே குறைச்சிருப்பனுங்களே." குமிழிலிருந்து கையை எடுக்காமல் அப்படியே உட்கார்ந்திருந்தார்.

இந்தத் தொழிலுக்கு வருகிற தம்பிகளுக்குச் சொல்வது இதுதான். விலை, வாட்ஸ், காந்தம் எல்லாம் அப்புறம். பாட்டைக் கேட்கப்போகிறவர் எந்த சீட்டில் உட்காருவாரோ, அதில் நீங்கள் முதலில் உட்கார்ந்து கேளுங்கள்.

மாட்டி முடிக்கிறவரை பின்சீட்டில் இருந்தவன் நான்தான். பாட்டுப் போட்டுப் பார்க்கிற நேரத்தில் இறங்கி முன்னால் போய்விட்டேன். அதை நினைத்தால் இன்றைக்கும் மனசு ஆறுவதில்லை.